உவர்ச் சதுப்பில் ஒரு புள்ளி: பேழைத் தேடலும் இலக்கிய நிலமும்

முன்னுரை

ஓர் இலக்கியம் பேசும் மண்ணை நேரில் காண விழையும் வாசகர் எல்லா மொழிகளிலும் உள்ளனர். பூம்புகாருக்குச் செல்லும் சிலப்பதிகார வாசகரும், இங்கிலாந்தின் கென்ட் கடலோரத்திற்குச் செல்லும் டிக்கன்ஸ் வாசகரும் இவ்விழைவில் ஒன்றுபடுகின்றனர். கடந்த கால் நூற்றாண்டில் இவ்விழைவு புதியதொரு வடிவம் பெற்றுள்ளது. செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியைக் கையில் கொண்டு, ஒருவர் மறைத்து வைத்த சிறு பெட்டியை மற்றொருவர் தேடிக் கண்டறியும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டே அது. இதனைத் தமிழில் பேழைத் தேடல் எனலாம். தேவாலயம், கோட்டை, எழுத்தாளர் வாழ்ந்த இல்லம், புதினத்தில் வரும் சதுப்பு நிலம் எனப் பண்பாட்டுப் பொருண்மை உடைய இடங்களில் இப்பேழைகள் மிகுதியாக வைக்கப்படுகின்றன.

இலக்கிய ஆய்வுலகம் இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவதே வழக்கமாக உள்ளது. அவ்வாறு ஒதுக்குவதும் பொருந்தாது. அப்படியே ஏற்பதும் பொருந்தாது. பேழைத் தேடல் ஒருவகை உரைமரபாகச் செயற்படுகிறது. அதே வேளையில், நிலத்தை ஒரு புள்ளியாகச் சுருக்குவதால் உரையாசிரியர்கள் காத்த ஐயத்தை அது அழித்துவிடுகிறது. இவ்விரு கூறுகளும் ஒருங்கே வெளிப்படும் களம் கடலோர உவர்ச் சதுப்பாகும். கென்ட் சதுப்பைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வதும், நெய்தல் நிலக் கல்விக்கு இதிலிருந்து பெறத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேழைத் தேடலின் இயல்பு

2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்கள் பயன்படுத்தும் இடங்காட்டிக் குறிப்புகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் அளவுக்குப் பிறழ்ந்த கருவிகள் சில மீட்டர் துல்லியத்தை எட்டின. இதனைச் சோதிக்கும் பொருட்டு, மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்கு அருகில் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை இணையத்தில் அறிவித்தார். கண்டவர் குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். ஏதேனும் எடுத்தால் ஈடாக ஏதேனும் வைக்க வேண்டும். இன்றளவும் விளையாட்டின் அடிப்படை இதுவே.

இதற்கொரு முன்னோடியும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் கரிச்சதுப்பில், கிரான்மியர் குளம் என்னும் எளிதில் அடைய இயலாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி 1854இல் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அங்குச் சென்றடைந்தோர் தம் பெயரட்டையை அதில் இட்டுத் திரும்பினர். கருவி புதிது, சென்றடைந்தமைக்குச் சான்று வைத்துத் திரும்பும் வேட்கை பழையது.

இலக்கிய மாணவர் கருதத்தக்க கூறுகள் இவ்விளையாட்டில் மூன்று உள்ளன. முதலாவது, ஒவ்வொரு பேழைக்கும் அதனை வைத்தவர் எழுதும் அறிமுகவுரை. இடத்தின் வரலாறு, தாவரம், இலக்கியத் தொடர்பு ஆகியவற்றை அது விளக்கும். இரண்டாவது, தேடிச் சென்றோர் அடுத்தடுத்து எழுதும் பதிவுகள். இவை ஒரே இடத்தைப் பல காலங்களில் பலர் கண்டதற்கான தொடர் சான்றுகளாகும். மூன்றாவது, பல படிகள் கொண்ட பேழைகள். ஓரிடத்தில் உள்ள கல்வெட்டின் ஆண்டையோ தூண்களின் எண்ணிக்கையையோ அறிந்தால்தான் அடுத்த இடத்தின் எண்கள் கிடைக்கும். உற்று நோக்காதவர் மேற்செல்ல இயலாத இவ்வமைப்பு, கள ஆய்வுப் பயிற்சிக்கு நெருக்கமானது.

கென்ட் சதுப்பும் டிக்கன்சின் புதினமும்

தேம்சு, மெட்வே ஆகிய ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஹூ தீபகற்பம் சார்லஸ் டிக்கன்சின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ புதினத்தின் தொடக்கக் களமாகும். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் இது தொடராக வெளிவந்தது. டிக்கன்ஸ் சிறுவனாக 1817 முதல் 1822 வரை அருகிலுள்ள சாத்தம் நகரில் வாழ்ந்தவர். 1856இல் ஹையம் ஊரில் கேட்ஸ்ஹில் இல்லத்தை வாங்கி, 1870இல் அங்கேயே மறைந்தவர். எனவே சதுப்பைப் பற்றிய அவர் சித்திரிப்பில் இளமை நினைவும் முதுமைக் கால நடைப்பழக்கமும் கலந்துள்ளன.

புதினத்தில் சிறுவன் பிப்பின் ஊருக்குப் பெயர் கிடையாது. ஆயினும் கூலிங் என்னும் சிற்றூரின் புனித ஜேம்ஸ் தேவாலயத்தையே தொடக்கக் காட்சியின் இடுகாடாக வாசகர் பலர் கொள்கின்றனர். அங்குள்ள குழந்தைகளின் சிறு கல்லறைக் கற்களே இதற்குக் காரணம். இறந்துபோன தம் உடன்பிறந்தாரின் கற்களுக்கு அருகில் பிப் நிற்பதாகப் புதினம் தொடங்குகிறது. வேறு சிலர் கீழ் ஹையம் ஊரின் தேவாலயத்தைச் சுட்டுவர். கொல்லனின் பட்டறைக்குச் சாக் என்னும் ஊரைக் காட்டுவோரும் உளர். ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களை இணைத்து ஓரூரைப் படைத்தார் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

கூலிங் இடுகாட்டிலுள்ள குழந்தைக் கற்கள் 13. புதினத்தில் வருபவை 5. உண்மை எண்ணிக்கையை வாசகர் நம்பமாட்டார் எனக் கருதி ஆசிரியர் குறைத்துக்கொண்டார் என்று விளக்குவர். இந்த வேறுபாடு கள வாசிப்பின் பயனைத் தெளிவாகக் காட்டுகிறது. கற்களை எண்ணி வருமாறு பணிக்கும் ஒரு பேழை, தேடுபவரைப் பனுவலுக்கும் இடத்திற்கும் இடையிலான இடைவெளியில் நிறுத்துகிறது. புதினத்தை மட்டும் படித்தவருக்கு 5 இயல்பான எண். இடத்தை மட்டும் கண்டவருக்கு 13 வியப்பூட்டும் எண். இரண்டையும் அறிந்தவருக்கே, மெய்ம்மை கற்பனையைவிடக் கொடியதாக இருந்த நிலையும், ஆசிரியர் அதனைத் தணித்துக்கொண்ட முறையும் புலப்படும். சதுப்புச் சூழலில் பரவியிருந்த மலேரியா போன்ற முறைக்காய்ச்சல் அக்குழந்தைகளின் இறப்புக்குக் காரணமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அக்காய்ச்சலைப் புதினமும் தன் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடுகிறது. நிலம், நோய், இறப்பு, கதை ஆகியவை இவ்விடத்தில் ஒரே இழையாக இணைகின்றன.

புள்ளி மறைப்பவை

இத்தகைய பயன் இருப்பினும், பேழைத் தேடல் இலக்கிய நிலத்திற்கு இழைக்கும் பிழைகளும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஐயத்தை அழித்தல். ஓர் ஆய்வாளர் ‘இவ்வூராக இருக்கலாம்’ என எழுதுவதில் உள்ள ‘இருக்கலாம்’ என்னும் சொல், எண்களாக மாறும்போது மறைந்துவிடுகிறது. அகலாங்கு நெட்டாங்கு எண்களுக்கு ஐயப்பொருள் தரும் இடைச்சொல் கிடையாது. கூலிங்கா, ஹையமா என்னும் வினா, கருவி காட்டும் ஒரு புள்ளியில் முடிந்துபோகிறது. பல்லாயிரம் பேர் வந்து பதிவிட்ட பின்னர் அப்பதிவுகளே சான்றாகக் கொள்ளப்படும் நிலையும் உருவாகிறது.

இரண்டாவது பிழை காலத்தை விலக்குதல். உவர்ச் சதுப்பு என்பது இடத்தால் மட்டும் அமைவதன்று. ஓதத்தின் ஏற்ற இறக்கத்தால் அமைவது. தேம்சு கழிமுகத்தில் பெருவோதக் காலத்து நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 5 மீட்டர். காலையில் சேறும் ஓடையுமாகக் கிடக்கும் இடம் பிற்பகலில் நீர்ப்பரப்பாகிறது. ஒரே எண்கள் காலையில் நிலத்தையும் மாலையில் நீரையும் குறிக்கின்றன. மேலும், டிக்கன்ஸ் காட்டிய சதுப்பின் பெரும்பகுதி கரைகட்டி வடிக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாகும். உண்மையான உவர்ச் சதுப்பு கடற்கரைச் சுவருக்கு வெளியே ஒடுங்கிய பட்டையாக எஞ்சியுள்ளது. இங்கிலாந்தில் மட்டும் 307 உயிர்களைக் கொண்ட 1953 சனவரி 31 வெள்ளத்திற்குப் பின் அச்சுவர்கள் உயர்த்தப்பட்டன. கைதிகளை அடைத்த சிறைக்கப்பல்கள் 1857இல் வழக்கொழிந்தன. புதினம் வெளிவரத் தொடங்கியபோதே அவை மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே புள்ளிக்குச் சென்று நிற்பவர் காண்பது புதினம் காட்டிய நிலத்தை அன்று. அந்நிலத்தின் மேல் படிந்த ஒன்றரை நூற்றாண்டு மாற்றத்தையே.

மூன்றாவது பிழை நிலத்திற்கே ஊறு விளைத்தல். உமரி இனச் செடிகள் சேற்றைப் பற்றி நிறுத்துவதால்தான் சதுப்பு வளர்கிறது. அவற்றின் சாறு நிறைந்த தண்டுகள் மிதிபட்டால் எளிதில் முறியும். மீண்டும் மீண்டும் மிதிபட்ட தடம் வெறுஞ்சேறாகி, ஓதநீர் அறுத்துச் செல்லும் ஓடையாகிவிடும். பவளக்காலி எனப்படும் உள்ளான் இனம் அங்குப் புல்லிடையே தரையில் கூடு கட்டுகிறது. பெட்டியைத் துழாவும் கைக்கும் காலுக்கும் முட்டை தென்படாது. தேம்சு கழிமுகச் சதுப்புகள் 2000ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டவை. பேழையை மண்ணில் புதைக்கலாகாது, நில உடைமையாளரின் இசைவு வேண்டும், இரு பேழைகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் தொலைவு வேண்டும் என விளையாட்டு விதிகள் கூறுகின்றன. ஆயினும் விதிக்கு உட்பட்ட ஒரு பெட்டியே நூறு பேரை ஒரே தடத்தில் இழுத்து வரப் போதுமானது.

இச்சிக்கலுக்கு விளையாட்டினுள்ளேயே ஒரு தீர்வு தோன்றியுள்ளது. அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையுடன் 2004 முதல் நடைமுறையில் உள்ள எர்த்கேச் என்னும் வகையில் பெட்டியே கிடையாது. சென்றவர் அங்குள்ள பாறையையோ படிவையோ உற்று நோக்கி, கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். உவர்ச் சதுப்பில் ஏற்கத்தக்க வடிவம் இது ஒன்றே. கரையின் மேல் நின்றவாறே காணவும் விடையளிக்கவும் இயலும். சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

நெய்தல் வாசிப்புக்கு இதன் பொருத்தம்

இச்செய்தி தமிழ் ஆய்வாளருக்கு எவ்வகையில் தொடர்புடையது என்னும் வினா எழலாம். நிலத்தையும் இலக்கியத்தையும் இணைத்துப் பார்க்கும் கோட்பாட்டைத் தன் இலக்கணத்திலேயே கொண்ட மொழி தமிழ். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருள் என வகுத்தது. நிலத்தை மட்டும் முதற்பொருளாக்கவில்லை. நெய்தலுக்குச் சிறுபொழுதாக எற்பாட்டைக் கூறி, பெரும்பொழுது எதனையும் வரையறுக்காது விட்டது. ஆறு பருவமும் அதற்கு உரிய என உரையாசிரியர் கொண்டனர். திணை என்பது ஒரு புள்ளியைச் சுட்டாது. ஒரு நிலவகையை, அதன் பொழுதோடும் உயிர்களோடும் தொழிலோடும் சேர்த்துச் சுட்டுவது. மேற்கூறிய முதலிரண்டு பிழைகளும் திணைக் கோட்பாட்டின் கண்கொண்டு நோக்கும்போதே முழுமையாகப் புலப்படுகின்றன. டிக்கன்சின் தொடக்கக் காட்சியும் குளிர்காலத்துப் பிற்பகல் சாயும் வேளையில் நிகழ்கிறது. இதனைக் கொண்டு திணை ஒற்றுமை பேசுவது மிகையாகும். எனினும் எங்கு என்னும் வினாவோடு எப்போது என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை இது உணர்த்தும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒருவர் சென்று கண்டதை மற்றவருக்கு வழிகாட்டுதல் என்னும் பொதுமையைக் கொண்டு, ஆற்றுப்படையே பழந்தமிழரின் பேழைத் தேடல் எனக் கூற முற்படுவோர் தோன்றக்கூடும். இது மேலோட்டமான ஒப்புமை. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துகிறது. அதன் முடிவிடம் மறைபொருளன்று. ஈகை உள்ளமுடைய ஒரு மனிதன். வழியும் எண்களால் அமைவதன்று. எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயிற்றியர் தரும் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் உழவர் மனையில் கிடைக்கும் வெண்சோறும் நண்டுக் கலவையும் எனக் கருப்பொருள்களே வழித்தடமாகின்றன. எந்நிலத்தில் யார் வாழ்கின்றனர், என்ன உண்கின்றனர் என்பதை அறிந்தவன் தான் நிற்கும் இடத்தையும் அறிவான் என்பது அதன் முறை. இந்த வேறுபாட்டை உணர்வதே ஒப்பாய்வின் பயன்.

எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணமாக ஆய்வாளர் பலர் அடையாளங் காண்கின்றனர். மரக்காணத்தின் உப்பளங்களும், அதனையொட்டிய கழுவெளி ஈரநிலமும், கடலோடு அதனை இணைக்கும் கழியும் நெய்தல் பாடல்களைப் பயில்வோர் காண வேண்டிய களங்கள். கழுவெளி 2021இல் பறவைகள் காப்பிடமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இத்தகைய இடத்திற்குக் கென்ட் சதுப்பின் முறையை அப்படியே பெயர்த்து வருதல் கூடாது. இக்கடற்கரையில் ஓத வேறுபாடு 1 மீட்டரை ஒட்டியதே. இங்குச் சதுப்பை ஆள்வது நாளின் ஓதத்தைவிட ஆண்டின் மழை. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் நிறைந்து பரவும் நிலமே கோடையில் உவர் பூத்து வறள்கிறது. ஆகவே இங்குப் பொழுதைக் குறிப்பதென்றால் பெரும்பொழுதையும் குறிக்க வேண்டும். கென்ட் சதுப்பில் கூடு கட்டுவது போன்ற பவளக்காலி இனமே தமிழகக் கழிகளுக்குக் குளிர்கால வலசை வருகிறது. அங்கு ஒதுங்க வேண்டிய காலம் வேனில். இங்கு வலசைப் பருவம்.

இதில் பணயமாக இருப்பது சுற்றுலா நெறி மட்டுமன்று. கழி, கானல், அளம், அடும்பு, முண்டகம், கண்டல் ஆகிய சொற்களைத் தேர்வுக்காகப் பொருள் மனனம் செய்யும் மாணவர் அவற்றை ஒருமுறையும் கண்டதில்லை. முண்டகம் ஓரிடத்தில் கழிமுள்ளியாகவும் பிறிதோரிடத்தில் தாமரையாகவும் பொருள்படும்போது, எது பொருந்தும் எனத் துணியக் கழிக்கரையில் நின்ற அனுபவம் உதவும். மறுபுறம், பழைய ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்துவதில் தமிழாய்வு முடிவுறாத விவாதங்களைக் கொண்டுள்ளது. சேரரின் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பகுதியா என்னும் வினாவை ஒரு வரைபடப் புள்ளி தீர்த்துவைக்காது. தீர்ந்துவிட்டதாக நம்பவைக்க மட்டுமே அதனால் இயலும். நிலத்தைக் காணாத வாசிப்பும், ஐயத்தை மறைத்த காட்சியும் ஒரே அளவு குறையுடையன.

செய்யத்தக்கவை

தமிழ்த்துறைகள் இலக்கிய நிலங்களுக்கான கள வழிகாட்டிகளை உருவாக்க முன்வருமாயின், நான்கு நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. முதலாவது, எந்தச் சதுப்பிலும் பொருள் எதனையும் வைக்கலாகாது. கரை, சாலை, உப்பளத்தின் புறவரப்பு ஆகியவற்றில் நின்று காணத்தக்க வினாக்களே அமைய வேண்டும். காப்பிட எல்லைக்குள் நுழைய 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இசைவு பெற வேண்டும் என்பதும் நினைவில் இருத்தற்குரியது. இரண்டாவது, ஒவ்வோர் இடத்திற்கும் சான்றின் தரத்தை வெளிப்படக் குறிக்க வேண்டும். பனுவல் பெயர் சுட்டும் இடம், ஆய்வாளர் உய்த்துணர்ந்த இடம், மக்கள் வழக்கில் மட்டும் நிற்கும் இடம் என மூவகைப்படுத்தலாம். மாறுபட்ட கருத்து இருப்பின் மாற்று இடத்தையும் உடன் தர வேண்டும். மூன்றாவது, இடத்தோடு பருவமும் வேளையும் தவறாது இடம்பெற வேண்டும். நான்காவது, உப்பளத் தொழிலாளரும் மீனவரும் இன்று வழங்கும் செடி, நீரோட்டம், மண் ஆகியவற்றின் பெயர்களைத் தேடுவோர் கேட்டுப் பதிவு செய்யுமாறு வினாக்கள் அமைதல் வேண்டும். அப்பதிவுகள் சில ஆண்டுகளில் நெய்தல் சொற்களுக்கான வட்டாரச் சொல்லடைவாகத் திரளும்.

இவ்வினாக்கள் எளியனவாக இருத்தலே சிறப்பு. ‘எற்பாட்டில் இக்கழியின் நீர் எத்திசை நோக்கிச் செல்கிறது?’, ‘கரையில் நிற்கும் முள்ளிலைச் செடியை இவ்வூரார் எப்பெயரால் அழைக்கின்றனர்?’, ‘உப்பு குவிந்திருக்கும் இடத்திலிருந்து கடலொலி கேட்கிறதா?’ என்பன போன்றவை போதும். இவற்றுக்கு விடையெழுதி வரும் மாணவர், நெய்தல் பாடலுக்கு எழுதப்பட்ட உரையை வேறு கண்ணோடு படிப்பர்.

முடிவுரை

பேழைத் தேடல் இலக்கிய வாசகரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துள்ளது. கூலிங் இடுகாட்டில் 13 கற்களை எண்ணவைத்துள்ளது. இப்பயனை ஆய்வுலகம் ஏற்க வேண்டும். அதே வேளையில், நிலத்தைப் புள்ளியாகவும் கருதுகோளை உண்மையாகவும் சுருக்கும் அதன் போக்கை மறுக்க வேண்டும். அம்மறுப்புக்கு வேண்டிய கருவி தொல்காப்பியத்தின் முதற்பொருள் வரையறையிலேயே உள்ளது. பெட்டியை நீக்கி, பொழுதைச் சேர்த்து, ஐயத்தை வெளிப்படையாக எழுதினால், பேழைத் தேடல் என்னும் விளையாட்டு நெய்தலைக் கற்பிக்கும் ஒரு முறையாக வளர இடமுண்டு. கழுவெளி போன்ற கழிகள் காப்பு வரையறைக்குள் வந்துள்ள இக்காலத்தில், அவற்றைப் பறவையியலார்க்கு மட்டும் உரியனவாக விட்டுவிடாமல், தம் பாடப்பகுதியாகவும் கருதுவது தமிழ்த்துறைகளின் கடமையாகும்.